பைபாஸா, ஸ்டென்ட்டா? காலம் சொன்ன பதில்

இருதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, “நெஞ்சைத் திறக்காமல் முடியாதா டாக்டர்?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நெடுங்காலமாகப் பதில் தேடி வந்திருக்கிறது.

1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த டாக்டர் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தநாளத்தைக் கொண்டு அடைப்புக்கு மாற்றுப்பாதை அமைத்தார். 1977இல் சூரிக் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக், பலூனைச் செலுத்தி அடைப்பை விரித்தார். விரித்த இடம் மீண்டும் அடைபட்டதால், அதைத் தாங்கிப் பிடிக்க 1986இல் ஸ்டென்ட் வந்தது. இனிக் கத்தியே வேண்டாம் என்று பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கையைச் சோதித்தது 2012இல் வெளியான ‘ஃபிரீடம்’ ஆய்வு. இனிப்புநீரோடு பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேர் அதில் பங்கேற்றனர். ஐந்தாண்டில் ஸ்டென்ட் பிரிவில் 16.3 விழுக்காட்டினர் இறந்தனர்; பைபாஸ் பிரிவில் 10.9 விழுக்காட்டினர். ஆனால் பக்கவாதம் பைபாஸில்தான் அதிகம்: 5.2 விழுக்காடு, ஸ்டென்ட்டில் 2.4.

காரணம் எளிது. ஸ்டென்ட் அந்த ஓரிடத்தை மட்டுமே திறக்கிறது. பைபாஸோ, அதே குழாயில் பின்னர் வரக்கூடிய அடைப்பையும் பெரும்பாலும் தாண்டிச் செல்கிறது.

மாரடைப்பு வந்த அவசர நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும். அவசரமில்லாதபோது, நேயர்களே, “எது சுலபம்?” என்று கேட்காதீர்கள், “இனிப்புநீர் உள்ள எனக்கு எது நீடிக்கும்?” என்று கேளுங்கள்.