பின்னணிக்கும் பின்னால்

தமிழில் ‘பின்னணிப் பாடகி’ என்ற சொல் உண்மையில் முன்னால் நிற்பவரையே குறிக்கிறது. திரையில் வாயசைக்கும் நடிகைக்குப் பின்னால் இருப்பதால் அப்பெயர். அவருக்கும் பின்னால் நின்று பாடியவர்களுக்கு நம்மிடம் சொல் இல்லை. ‘கோரஸ்’ என்று கடன் வாங்கினோம். வானொலி அறிவிப்பில் அவர்கள் ‘மற்றும் குழுவினர்’.

தாமிரபரணிக் கரையில் அந்தப் பணிக்கு ஒரு பெயர் உண்டு. சுடலைமாடன் கொடைகளில், வில்லுப்பாட்டுப் புலவர் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடுவதும், ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவதும் பின்பாட்டு. பின்பாட்டுக்காரர் குடத்துக்கும் உடுக்குக்கும் பக்கத்தில், ஊரார் கண்முன் அமர்ந்திருப்பார். யார் குரல் என்ற ஐயம் எவருக்கும் எழாது. அதே கலை வானொலிக்குச் சென்றபோது, சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்தின் (1928–2023) பெயர் நாடெங்கும் பரவியது. உடன் பாடியவர்கள் அங்கும் ‘குழுவினர்’ ஆனார்கள். முகத்தை மறைத்தது ஒலிவாங்கிதான் என்று நாம் கருதுகிறோம்.

ஆடி பிறந்தால் திருநெல்வேலி டவுண் அம்மன் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலும் அந்த மறைவிலிருந்து வெளிவந்ததே. 1939இல் சென்னையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாய் நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவில் குழுப்பாடகி. தாயோடு ஒலிப்பதிவுகளுக்குச் சென்று வந்த சிறுமி, 1954இல் ‘மனோகரா’ படத்துக்காகக் குழுவில் நின்று பாடினார்.

அக்காலத்து ஒலிப்பதிவை இன்றைய முறையோடு ஒப்பிடலாகாது. வாத்தியக்காரர்களும் பாடகரும் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இயங்குவார்கள். குழுவில் ஒருத்தி சுருதி பிசகினால் பாட்டு மீண்டும் முதலிலிருந்து. துண்டு துண்டாகப் பாடி ஒட்டும் வசதி பின்னால் வந்தது. மெட்டை உடனே பிடிக்க வேண்டும். ஆனால் பத்துத் தொண்டைகள் ஒன்றாகக் கேட்க வேண்டுமாதலால், தன் குரல் தனித்துத் தெரியவும் கூடாது. சிரிப்பும் விம்மலும் கிறக்கமுமாகப் பிற்காலத்தில் எவரும் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்ட குரல், தன்னை ஒளித்துக்கொள்ளும் தொழிலில்தான் தொடங்கியது! வாய்ப்பாட்டுக்கு அதைவிடக் கடுமையான குருகுலம் ஒன்று இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

1958இல் கே.வி.மகாதேவன் ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ படத்தில் தனியே பாடவைத்தார். எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததால் ராஜேஸ்வரி ‘ஈஸ்வரி’ ஆனார். பெயரைக் கண்டடைந்த கையோடு அதில் பாதியை விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து ‘பாசமலர்’. விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில், மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் அந்தப் பாட்டு கல்யாண வீடுகளுக்குரிய பாட்டாகவே நிலைத்தது. அதிலும் ஒரு குழு உண்டு. இம்முறை ஈஸ்வரி முன்னால் நிற்க, பின்னால் வேறு பெண்கள் பாடினார்கள். பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை: மாரியம்மன் பாடல்கள், நீண்ட இடைவெளி, 2011இல் ‘ஒஸ்தி’.

நிர்மலா குழுவிலிருந்து வெளியே வரவில்லை. ஜெமினி தயாரிப்புகளின் குழுப்பாடல்களில் அவர் குரல் கலந்திருக்கிறது. எந்த அடியில், எந்தக் குரல் அவருடையது என்று பிரித்தெடுக்க வழியில்லை. ‘மனோகரா’வில் மகளின் குரலையும் அப்படித்தான்.