பெற்றோரைப் பேணிய மரபும் இன்றைய வீடும்

முதியோரைப் பேணுதல் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஒரு பெருமூச்சுடனேயே தொடங்குவர். அந்தக் காலத்திற் பிள்ளைகள் பெற்றோரைத் தெய்வமாகப் போற்றினர் என்றும், இக்காலத்தில் அன்பு அருகிவிட்டது என்றும் வருந்துவர். ஔவையாரின் கொன்றைவேந்தன் தாய் தந்தையரைப் போற்றும் அடியுடனேயே தொடங்குவதையும் சான்றாகக் காட்டுவர். அன்பு பெரிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாற்றை ஊன்றி நோக்குவோருக்கு மற்றோர் உண்மையும் புலனாகும். நம் முன்னோர் முதியோர் பராமரிப்பை அன்பின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடவில்லை. காணியாலும் வீட்டாலும் உழைப்பாலும் உறுதிச் சாசனத்தாலும் அதற்கு வேலியிட்டு வைத்தனர். அவ்வேலி எவ்வாறு இருந்தது, எங்கே பிரிந்தது, இன்று அதனை எவ்வாறு திருத்தி அடைக்கலாம் என்பனவே இப்பேச்சின் பொருள்.

முதலில் யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு வழங்கிய வழக்காறுகளை ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்தார். முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பழகியவர் அவர். அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. பின்னர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

தேசவழமை குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. பெண்மக்கள் சீதனம் பெற்று மணம் முடிப்பர். ஆண்மக்களோ பெற்றோர் உயிரோடிருக்கும்வரை பங்கு கேட்டல் ஆகாது. அதுமட்டுமன்று. மணமாகுமுன் அவர்கள் உழைத்துத் தேடியதையும், தம் உடலில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்திலேயே சேர்த்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதியின் உட்பொருளை நோக்குங்கள். களஞ்சியத்தின் திறப்பு முதியவரின் மடியிலேயே இருந்தது. உடல் தளர்ந்தாலும் அவர் கைதளரவில்லை. ஆதலின் வீட்டில் அவர் சொல்லுக்கும் மதிப்பிருந்தது.

இனி, அத்தொகுப்பிலேயே வரும் மற்றொரு செய்தியையும் கவனித்தல் தகும். முதுமையினாற் சொத்தைப் பரிபாலிக்க இயலாத பெற்றோரிடமிருந்து புதல்வர் அதனைப் பெற்றுத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, ஆயுள்வரை அவர்களைப் பேணுவதாக வாக்களிக்கும் வழக்கம் அதிற் கூறப்படுகிறது. அவ்வாறு நம்பிக் கொடுத்தவர்கள் பின்னர் ஏமாற்றமடைந்த அனுபவமும் உடன் கூறப்படுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலை! பிள்ளைகளின் அன்பு நேற்றுத்தான் குறைந்தது என்பாருக்கு இது தக்க விடையாகும். மனித இயல்பு பெரிதும் மாறவில்லை. அன்பும் அன்று இருந்தது, அசட்டையும் அன்று இருந்தது. அசட்டையைத் தடுக்கும் ஏற்பாடு வலுவாக இருந்த வீட்டில் முதியவர் நிம்மதியாக வாழ்ந்தார். அது தளர்ந்த வீட்டில் வாடினார்.

கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் ஏற்பாடு வேறுவகையாக அமைந்தது. அங்கு வீடு பெண்வழியே செல்வது வழக்கம். மூத்த மகளுக்கு மணமானதும் வீடு அவளுக்காகும். பெற்றோர் இளைய பெண்களோடு அயலிலே மற்றொரு வீடு கட்டிக் குடிபோவர். அடுத்த மகளின் மணத்தின் பின்னரும் அவ்வாறே. ஈற்றில் கடைசி மகளின் வீட்டிலே பெற்றோர் தங்குவர். சகோதரிகள் யாவரும் ஒரே வளவிலோ அயல் வளவிலோ வாழ்வதால், ஒருத்தி நோயுற்றால் மற்றொருத்தி உதவுவாள். முதியவரைப் பார்ப்பது ஒருத்தியின் தனிச்சுமை ஆகாதபடி வீடுகளின் அமைப்பே காத்தது.

மலையகத்தில் நிலைமை கடினமானது. தோட்டத் தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுக்கக் காணியில்லை. லயத்து அறையும் அவருடையதன்று. வேலையால் நின்ற முதியவர் அவ்வொற்றை அறையிலேயே மக்கள், பேரர்களோடு ஒடுங்கி வாழ நேர்ந்தது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டில் வந்தபின், முதுமையின் வாயிலில் அவர் கையில் ஒரு தொகை சேர வழி பிறந்தது. எனினும் பணம் பெட்டியில் இருந்தாலும் பாய் விரிக்க இடம் வேண்டுமன்றோ?

இவ்வேற்பாடுகள் எவ்வாறு தளர்ந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தனர். 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறை வரையான இருப்புப்பாதை தென்னிலங்கையோடு இணைந்ததும், கொழும்பு உத்தியோகமும் எளிதாயிற்று. வருவாய் வயலிலிருந்து சம்பளத்துக்கு மாறியது. களஞ்சியத் திறப்பு முதியவரிடமிருந்து மணியோடர் அனுப்பும் மகனிடம் சென்றது. அந்த மகனும் நல்லவனே; மாதந்தோறும் பணம் அனுப்பினான். ஆனால் 1942ஆம் ஆண்டில் மலாயா யப்பானியர் வசமானபோது கடிதமும் காசும் ஒருங்கே நின்றன. தூரத்து உழைப்பை மட்டும் நம்பிய முதுமை எத்துணை ஆபத்தானது என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின. பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் பிள்ளைகளை உலகின் நாற்றிசைக்கும் சிதறடித்தது. பெரிய வீடும், பூட்டிய அறைகளும், ஒரு தொலைபேசியும், இரண்டு முதியவருமாக எத்தனையோ வளவுகள் ஆயின.

இதனோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அது மகிழத்தக்க மாற்றம். மலேரியாவுக்கு எதிரான முயற்சியும் இலவச வைத்தியமும் பெருகியதனால், 1946ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இருபதாக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே பதினான்கு அளவில் இறங்கியது. மக்கள் நெடுங்காலம் வாழத் தலைப்பட்டனர். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012ஆம் ஆண்டில் 12.4 பேர். ஒருபுறம் முதியோர் பெருகினர். மறுபுறம் வீட்டிற் பிள்ளைகள் குறைந்தனர். முன்னர் ஆறு மக்கள் பகிர்ந்த பணியை இன்று ஒருவரோ இருவரோ செய்ய நேர்கிறது. முன்னர் சில மாதங்களே நீடித்த படுக்கை இன்று பல ஆண்டுகள் நீடிக்கிறது. ஆதலின் இன்றைய மகளைப் பாட்டியோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல் நீதியாகாது.

மகள் என்று கூறியது தற்செயலன்று. சட்டம் புதல்வரைப் பேசியது. பணி பெண்களிடமே சென்றது. மகளோ மருமகளோ மணமாகாத சகோதரியோ இரவிலே விழித்திருந்தாள். அவள் உழைப்பு எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. எங்கள் மரபின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை வந்து பட்டுப் புடவை தரும் பிள்ளையை ஊர் புகழ்கிறது. நாள்தோறும் படுக்கை மாற்றும் பிள்ளையை ஊர் காண்பதில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? பழைய வேலியைப் புதிய கதியால்களால் அடைப்பதே.

முதலாவது, பெற்றோர் தெளிவாகப் பேசக்கூடிய காலத்திலேயே சகோதரர் யாவரும் ஒன்றுகூடி, யார் உடனிருப்பது, யார் செலவு கொடுப்பது, யார் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது என்பவற்றை வகுத்தல் வேண்டும். எவரோடு, எங்கே வாழ விருப்பம் என்று முதியவரையே முதலிற் கேட்டல் வேண்டும். அவர் இருக்கையில், அவரைக் கேளாது அவரைப்பற்றித் தீர்மானிப்பது மரியாதையன்று.

இரண்டாவது, உடனிருந்து பார்ப்பவருக்கு ஓய்வு வேண்டும். தூரத்திலுள்ள சகோதரர் பணத்தோடு தம் விடுமுறையையும் அனுப்பலாம். அதாவது, தாமே வந்து சில வாரங்கள் அப்பணியை ஏற்கலாம். எழுந்து நடமாட இயலாதவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிக் கிடத்தாவிடின் படுக்கைப் புண் உண்டாகும். இரவும் பகலும் இதனை ஒருவரே செய்தால் ஈற்றில் நோயாளர் இருவராவர்.

மூன்றாவது, வீட்டைத் திருத்துதல் வேண்டும். வழுக்காத குளியலறை, பிடித்தெழ ஒரு கைப்பிடி, இரவில் ஒரு விளக்கு, படிக்கட்டில்லாத ஓர் அறை, இவை பெருஞ்செலவல்ல. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் ஆகும் செலவும் துன்பமுமே பெரியன.

நான்காவது, சொத்து. பெற்றோர் வீட்டைப் பிள்ளைக்கு எழுதுகையில், தம் சீவிய உரித்தை உறுதியிலே நிறுத்திக்கொள்வது நம் நொத்தாரிசுமார் நெடுங்காலமாக அறிந்த முறை. அது பிள்ளைமேல் ஐயங்கொள்வதாகாது. முந்நூறு ஆண்டு அனுபவத்தை மதிப்பதாகும். நன்றிகெட்ட செயல் நிகழுமாயின், மீளப்பெற இயலாத நன்கொடையையும் நீதிமன்றின் வாயிலாக நீக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதற்கென 2017ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமோ, பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. வாழ வழியற்ற பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபையையும் அச்சட்டம் ஏற்படுத்தியது. ஆனால் முறையிடத் துணியும் தாய் எத்தனை பேர்? பிள்ளையின் பெயர் கெடுமே என்று பசியோடு இருந்துவிடுவாள். ஆகவே சட்டம் கடைசித் துணையே. முதற்றுணை வீட்டார் செய்யும் ஏற்பாடு.

ஐந்தாவது, அயல். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் வீட்டிற்கு அயலவரே கண். கிளினிக்குக்குத் துணையாகச் செல்வதும், மருந்துப் பைகளைப் பிரித்து வைப்பதும், மாலையில் அரைமணி நேரம் பேசியிருப்பதும் ஊர்ச் சங்கங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் செய்யக்கூடியவை. முதியவரிடம் கதை கேட்டு வளரும் மாணவர் வரலாற்றை வேறொரு கண்ணோடு படிப்பதை ஆசிரியர் பலர் அறிவர்.

நேயர்களே, நம் முன்னோர் சீதனத்தைப் பற்றிக் கூடிப் பேச நாணவில்லை. ஒவ்வொரு பரப்புக் காணியையும் எழுதி வைத்தனர். பெற்றோரின் இறுதிக் காலத்தைப் பற்றி மட்டும் பேச ஏன் தயங்குதல் வேண்டும்? இவ்வார இறுதியில் உங்கள் வீட்டிலே அப்பேச்சைத் தொடங்குங்கள். உடனிருந்து பார்க்கும் சகோதரியை முதலிற் பேசவிடுங்கள்.