ராஜாபாய் மணிக்கூண்டு: பதினாறு மெட்டிலிருந்து ஒரு மெட்டுக்கு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் தமிழர்களுக்குக் கோபுர மணி புதிதல்ல. அவர்களில் பலருடைய முன்னோர் தாராவித் தோல் ஷாப்புகளில் வேலை தேடி வந்தது திருநெல்வேலிச் சீமையிலிருந்து. பாளையங்கோட்டை ஊசிக் கோபுரமும் மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் 192 அடிக் கோபுரமும் நிற்கிற மண் அது. ஆனால் ஊர்க் கோயில் மணி ஆராதனைக்கு அழைக்கும், சாவு சொல்லும், மெட்டு வாசிக்காது. மெட்டு வாசிக்கும் மணிக்கூண்டு ஒன்று மாட்டுங்கா ரோட்டில் ரயிலேறி சர்ச்கேட்டில் இறங்கினால் நடக்கும் தூரத்தில், மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

மும்பைக் கரைக்கு ஐரோப்பிய மணிகளை முதலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். 1739இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா அவர்களுடைய வசாய்க் கோட்டையைப் பிடித்ததும் அங்கிருந்த மணிகள் மராட்டியக் கோயில்களுக்குப் போயின. வாய் என்ற ஊருக்கு அருகே மேணவலியில் தொங்கும் மணியில் 1707 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. அவை தனி மணிகள். ஒன்றுக்கு ஒரு சுரம்தான்.

பல மணிகளைச் சுருதி சேர்த்து வாசிக்கும் ‘கரில்லான்’ நெதர்லாந்துப் பக்கத்துக் கலை. 1644இல் சுட்ஃபென் நகரக் கோபுரத்துக்கு மணி வார்த்த ஹெமோனி சகோதரர்கள், பார்வையற்ற இசைஞர் யாக்கோப் வான் ஐக்கின் காதை நம்பி, மணியின் உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டி அதைச் சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மணியை அடித்தால் பல ஒலிகள் ஒன்றாக எழும்; அவற்றை ஒன்றுக்கொன்று இசைய வைப்பதுதான் அங்கே வித்தை. இங்கிலாந்துக்காரர்களின் ரசனை வேறு. மெட்டை விட்டுவிட்டு, கயிற்றை இழுத்து மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிப்பதில் அவர்களுக்கு மோகம். அவர்களுடைய மணிகள் மும்பைக்கும் வந்தன: கொலாபா ஆப்கன் சர்ச்சில் 1904இல் ஏற்றிய எட்டு மணிகள் லஃப்பரோ நகரின் டெய்லர் வார்ப்பாலையிலிருந்து வந்தவை.

ராஜாபாய் மணிக்கூண்டு எழுந்தது பருத்திப் பணத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு எகிறிய விலையில் கோடீஸ்வரரான பிரேம்சந்த் ராய்சந்த், தன் தாயின் பெயர் விளங்க இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தார். 1865இல் சந்தை சரிந்து அவரும் விழுந்தார். கோபுர வேலை மட்டும் நிற்கவில்லை. இந்தியாவுக்கே வராத ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் போட்ட வரைபடத்தின்படி 1869 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 1878 நவம்பரில் முடித்தார்கள். உயரம் 280 அடி. சூரியன் சாயுமுன் உண்ணும் ஜைன நெறியைத் தாய் காக்க மகன் மணி வைத்தார் என்பது செவிவழிக் கதை. நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

கடிகாரம் லண்டன் லண்ட் அண்ட் பிளாக்லி நிறுவனத்துடையது. மேலே பதினாறு மணிகள். இதைக் ‘கரில்லான்’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் உலகக் கரில்லான் கூட்டமைப்பின் வரையறைக்கு 23 மணிகளாவது வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இக்கூண்டு மொத்தம் பதினாறு மெட்டுகளை, நாளுக்கு நான்கு முறை மாற்றி வாசித்தது. ‘ரூல் பிரிட்டானியா’, ‘காட் சேவ் தி கிங்’, ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’, ஹேண்டலின் இசைக்கோவை ஒன்று என அவற்றில் பெயர் பெற்ற நான்கும் சீமைச் சரக்கு. நகரத்தின் நேரத்தோடு ஆட்சியின் பெருமையையும் சேர்த்தே அறிவித்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு சுவையான ஒட்டு உண்டு. 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், ‘காட் சேவ் தி கிங்’ மெட்டுக்கு ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற சமஸ்கிருத சாகித்தியம் செய்திருக்கிறார். பம்பாயில் மணிகள் ஏறுவதற்கு நாற்பது ஆண்டுக்கு மேல் முன்பே அந்த மெட்டு தமிழகத்தில் சங்கராபரணமாகிவிட்டது. கமகம் இல்லாத நேர்ச் சுரங்களில் அமைந்த நோட்டுஸ்வரம் அது. மணியாலும் கமகம் பிடிக்க முடியாது.

இன்று கால்மணிக்கு ஒருமுறை ஒரே மெட்டு. 2015இல் டிசிஎஸ் நிதியில் கோபுரம் புதுப்பிக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடிகள் பழைய ஒளி பெற்றன. 2018இல் இந்தப் பகுதியே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் கிடைத்த அக்கறை இசைக்குக் கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்துக்கு ஓர் இசைத் துறையும் இருக்கிறது. பதினாறு மணிகளின் ஒலியையும் தனித்தனியே பதிவுசெய்து, பழைய மெட்டுகளைச் சுரப்படுத்தும் வேலையை அந்தத் துறை கையில் எடுக்க வேண்டும்.