எழும்பூர்: ஒரு மீட்டர் அகலம் வகுத்த வாசல்

மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போவதென்றால் எழும்பூர், டெல்லிக்கோ கோவைக்கோ போவதென்றால் சென்ட்ரல் என்பது சென்னைவாசிகள் யாரும் யோசித்துச் சொல்கிற விஷயமல்ல. ஏதோ திசைப்படி பிரித்து வைத்ததுபோல அந்தப் பாகுபாடு மனத்தில் பதிந்துவிட்டது. எழும்பூர் நிலையத்தின் வரலாறு என்று எடுத்தாலும் ஹென்றி இர்வின், இந்தோ-சாரசனிக் பாணி, குவிமாடம் என்று பேச்சு கட்டடத்தைச் சுற்றியே நிற்கிறது. நிலையத்தின் குணத்தைத் தீர்மானித்ததைக் காண வேண்டுமானால் தண்டவாளத்துக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். எழும்பூரைத் தென்மாவட்டங்களின் வாசலாக்கியதில் திசைக்கோ கம்பெனிகளின் போட்டிக்கோ இருந்த பங்கு சிறிது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே விடப்பட்ட 1,000 மில்லிமீட்டர் இடைவெளிக்கு இருந்த பங்கே பெரிது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓட்டிய முதல் ரயில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடியது. 1873இல் திறந்த சென்ட்ரலும் அந்தப் பாதையின் நிலையம்தான். தெற்கிலும் தொடக்கம் அப்படியே இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி போட்டது அகலப் பாதையே. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870இல், செலவைக் குறைப்பதற்காகப் புதிய தடங்களுக்கு மீட்டர் கேஜ் போதும் என்று அரசு முடிவெடுத்தது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. நாகப்பட்டினம் – திருச்சி அகலப் பாதை பெயர்க்கப்பட்டு மீட்டர் கேஜாகச் சுருங்கியது. 1880 பிறக்கும் முன்பே சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மீட்டர் கேஜில் ரயில் போகத் தொடங்கிவிட்டது. போட்ட அகலப் பாதையைப் பிடுங்கிக் குறுக்கிய இந்தச் சிக்கனத்துக்கு, அடுத்த நூற்றிருபது ஆண்டுகள் தென்மாவட்டப் பயணிகள்தான் வட்டி கட்டினார்கள்.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேக்கு, தலைநகரில் தன் தகுதிக்கேற்ற நிலையம் ஒன்று தேவைப்பட்டது. 1904இல் டாக்டர் பல்னி ஆண்டியிடமிருந்து எழும்பூரில் 1 லட்சம் ரூபாய்க்கு நிலம் வாங்கினார்கள். மைசூர் அம்பா விலாஸ் அரண்மனைக்கும் சிம்லா வைஸ்ராய் மாளிகைக்கும் வடிவம் தந்த இர்வினே இங்கும் கட்டடக் கலைஞர். (நிலையத்தின் எதிரே ஓடும் காந்தி-இர்வின் சாலையின் இர்வின் இவரல்லர், அவர் 1931 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வைஸ்ராய்.) பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை 1905இல் வேலையைத் தொடங்கினார். சுமார் 17 லட்சம் ரூபாய் செலவில் முடிந்த நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. கார் உள்ளே வந்து நடைமேடையை ஒட்டியே நிற்கும்படி பாதை விட்டிருந்தார்கள். மேல்தட்டுப் பயணி வெயில் படாமல் இறங்கி நேராகப் பெட்டியில் ஏறிவிடலாம். கட்டடத்தில் கம்பெனி காட்டிய தாராளம் இவ்வளவு.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. இரண்டு கம்பெனிகள் இருந்தன, இரண்டு நிலையங்கள் வந்தன. லண்டனிலும் அப்படித்தானே, இதில் பாதையின் அகலத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1908ஆம் ஆண்டே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மெட்ராஸ் ரயில்வே அப்போது கலைக்கப்பட்டு, அதன் தடங்கள் பங்கிடப்பட்டன. சென்ட்ரல், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் போனது. ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான அகலப் பாதையோ தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தது. ஆக, எழும்பூரில் புது மாளிகை திறந்த அதே ஆண்டில், அதை எழுப்பிய கம்பெனியிடம் அகலப் பாதைத் தடமும் சேர்ந்தது. ஆனால் மங்களூர்த் தடத்து வண்டிகள் எழும்பூருக்கு வரவில்லை, வரவும் முடியாது. அவற்றின் சென்னை முனை எதிர்க் கம்பெனியின் சென்ட்ரலாகவே இருந்தது. உடைமைதான் நிலையத்தைத் தீர்மானித்தது என்றால் இது நடந்திருக்காது. 1951 ஏப்ரல் 14 அன்று மைசூர் அரசு ரயில்வேயுடன் இந்த இரு கம்பெனிகளும் தெற்கு ரயில்வேயில் கரைந்த பிறகும் இரு நிலையங்களின் வேலைப்பிரிவினை அசையவில்லை. கம்பெனிகள் போன பின் அரை நூற்றாண்டு நீடித்த ஒன்றுக்குக் கம்பெனிகளை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு திசையை முன்வைப்பது: தெற்கு ஊர்களின் ரயில் நகரின் தென்பக்க நிலையத்தில் புறப்படுவது இயல்புதானே? வரைபடத்தைப் பார்த்தால் இது நிற்காது. திருநெல்வேலியைவிடச் சற்றுத் தெற்கே இருக்கும் திருவனந்தபுரத்துக்கு மெயில் புறப்படுவது சென்ட்ரலில். எப்போதுமே அப்படி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக 1904இல் கொல்லத்தை எட்டிய மீட்டர் கேஜ், 1931இல் திருவனந்தபுரம் தம்பானூருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கான நேர்வழி எழும்பூரிலிருந்து மதுரை, செங்கோட்டை வழியாகவே போனது. எர்ணாகுளம் – கொல்லம் – திருவனந்தபுரம் தடம் 1976இல் அகலப் பாதையானதும், திருவனந்தபுரத்துக்கான முதன்மை வண்டிகள் சென்ட்ரலுக்குப் போய்விட்டன. ஊர் நகரவில்லை, திசை மாறவில்லை, நிர்வாகமும் ஒன்றே. மாறியது தண்டவாளத்தின் அகலம் மட்டும். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழும்பூரின் சேவைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அவற்றின் வீச்சும் எல்லையும் பிடிபடும். இங்கிருந்து புறப்பட்ட போட் மெயில் முதலில் தூத்துக்குடியில் கப்பலைப் பிடித்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியில் பிடித்தது. அக்கரையில் தலைமன்னாரில் இறங்கியவர் ஏறிய இலங்கை ரயிலோ அகலப் பாதையில் ஓடுவது. கொழும்புவரை ஒரே பயணச்சீட்டு, நடுவில் கடல், கடலின் இரு கரையிலும் இரு அகலங்கள்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிச் சுமார் இருபது ஆண்டு ஓடி நின்றது. உள்நாட்டில் மெயின் லைனில் விழுப்புரம், மாயவரம், தஞ்சை வழியாகவும், 1920களின் இறுதியில் வந்த கார்டு லைனில் விருத்தாசலம் வழியாகவும் வண்டிகள் போயின. மீட்டர் கேஜ் என்றால் ஊர்ந்து போவது என்ற எண்ணத்தை 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் மாற்றியது. சுமார் 7 மணி நேரத்தில் மதுரைக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் எந்த வேகமும் எழும்பூரைத் தாண்டி வடக்கே செல்லாது. பம்பாய்க்குப் போகும் திருநெல்வேலிக்காரர் விடிகாலையில் இங்கே இறங்கி, போர்ட்டரிடம் பெட்டி படுக்கையைக் கொடுத்து வெளியே வந்து, வாடகை பேசி வண்டி பிடித்து, சுமார் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்ட்ரலுக்குப் போய், அங்கே இன்னொரு போர்ட்டரைத் தேட வேண்டும். அடுத்த ரயில் மாலையில்தான் என்றால் பகல் முழுக்கத் தங்க இடம் வேண்டும். நிலையத்தை அடுத்த கென்னட் லேன் லாட்ஜுகளின் பிழைப்பில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டென்று ஊகிக்கலாம்.

நகருக்குள் இந்த மீட்டர் கேஜ் செய்த வேலை வேறு விதமானது. 1931இல் கடற்கரை – தாம்பரம் தடம் மின்மயமானது. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது அதுவே முதல் முறை. மாம்பலமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் குடியிருப்புகளாகப் பெருத்ததற்கு இந்த ரயில் கொடுத்த தைரியம் பெரிய காரணம். தொலைதூர வண்டிக்கும் அலுவலகம் போகிறவரின் வண்டிக்கும் ஒரே அகலம் என்பதால் இரண்டும் எழும்பூரிலேயே சந்தித்தன. தென்மாவட்டத்திலிருந்து வந்தவர் படியேறி இறங்கினால் போதும், தாம்பரம் வண்டியில் ஏறிவிடலாம். மாம்பலத்திலும் தாம்பரத்திலும் தெற்கத்திக் குடும்பங்கள் நிறைந்ததில் இந்த வசதிக்கும் இடம் உண்டு.

1992இல் ஒரே அகலத் திட்டம் வந்தது. 1990களின் பிற்பகுதியில் திருச்சி, மதுரைத் தடங்கள் அகலமாயின. 2004இல் கடைசி மீட்டர் கேஜ் புறநகர் ரயிலும் தாம்பரம் தடத்தை விட்டுப் போனது. காரணம் நீங்கிய பின்னும் காரியம் நீடிக்கிறதே, அப்படியானால் பாதையின் அகலம் எப்படிக் காரணமாகும் என்ற மூன்றாவது மறுப்பு இங்கேதான் வருகிறது. இரண்டு அகலங்களும் ஒட்டாதவை என்பதாலேயே சென்ட்ரலிலிருந்து தாம்பரம் பக்கம் நேராகத் திரும்பும் இணைப்பு போட வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை. பிறகு நடுவே நகரம் நெருங்கிவிட்டது. அகலம் ஒன்றான பிறகும் சென்ட்ரலில் புறப்பட்ட மதுரை துரந்தோ காட்பாடி, சேலம் என்று சுற்றித்தான் போனது. ஆக, தண்டவாளத்தின் அகலம் மாறியது. அந்த அகலம் வரைந்த தடத்தின் அமைப்பு மாறவில்லை. மறுபக்கம், தடை நீங்கியதற்கான அடையாளங்களும் எழும்பூர் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஜோத்பூருக்கும் காச்சிகுடாவுக்கும் இங்கிருந்து ரயில் போகிறது. சர்க்கார் எக்ஸ்பிரஸ் காக்கிநாடாவிலிருந்து எழும்பூர் வழியாகத் தெற்கே போகிறது. 1908இல் எழும்பூரைக் கட்டியவர்களுக்கு இது நடவாத காரியம்.

இவை எல்லாம் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையிலான சுமார் 4 கிலோமீட்டர்த் தடத்தை நம்பியே வருகின்றன. அங்கே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். இன்னொரு பக்கம் 734.91 கோடி ரூபாய் மதிப்பில் எழும்பூர் நிலையச் சீரமைப்பு நடக்கிறது. பழைய மாளிகை காக்கப்படுகிறது, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் பெரிய கட்டடம் எழுகிறது. செய்தித்தாள்களில் படம் வருவது இந்தக் கட்டடத்துக்குத்தான். எழும்பூர் தென்மாவட்ட நிலையமாகவே இருக்குமா, நாட்டின் எந்த மூலைக்கும் வண்டி விடும் நிலையமாகுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது கூவம் கரையோரம் போடப்பட்ட அந்த நான்காவது பாதைதான்.