முட்டுக்கட்டையின் பெருமை

தமிழில் சில சொற்களுக்கு நியாயம் கிடைப்பதே இல்லை. 'முட்டுக்கட்டை' அவற்றில் ஒன்று. நல்ல காரியத்தைக் கெடுக்க வருகிறவனைப் பார்த்து, "ஏனப்பா முட்டுக்கட்டை போடுகிறாய்?" என்று கேட்கிறோம். ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டையின் அருமை தெரியும். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதத்தின் வடம் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். தேரை நிறுத்துவதற்கோ, சக்கரத்தை ஒட்டியே நடந்து, சமயம் பார்த்துக் கட்டையைச் செருகும் சிலர்தான் உண்டு. அவர்கள் கை தவறினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மோட்டார் வண்டியைத் தூக்கிய சரித்திரமும் இதே மாதிரிதான். தூக்கியவர்களுக்குப் பெயர் கிடைத்தது. தாங்கிய கட்டையை யாரும் நினைப்பதில்லை.

சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைச் செய்தார். மோட்டார்கள் பெருகத் தொடங்கிய அந்த நாட்களில் சாலைகளில் ராஜ்யம் செய்தவை லாட ஆணிகள். மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார், தம்முடைய பஸ்கள் போகும் பாதையில் காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்வார்கள். ஆணி குத்தினால் மாற்றுச் சக்கரம் வேண்டும் அல்லவா? வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் பெயரை நம் டிரைவர்கள் இன்றும் 'ஸ்டெப்னி, ஸ்டெப்னி' என்று ஜபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றுச் சக்கரம் வந்துவிட்டது. வண்டியைத் தூக்க வேண்டுமே! அதற்குத்தான் ஜாக்கி. திருகு ஜாக்கி மிகப் பழையது. எண்ணெய் ஜாக்கியின் வம்சாவளி, பாஸ்கல் என்ற பிரெஞ்சு ஞானியிடம் போய் நிற்கிறது. அடைத்து வைத்த நீரில் ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே அவர் கண்டு சொன்னார். சிறிய தண்டு ஒன்றை அழுத்தினால், அதைப் போல் 50 மடங்கு பரப்புள்ள பெரிய தண்டு 50 மடங்கு பலத்துடன் எழும்பும். ஆனால் இயற்கை இனாம் கொடுப்பதில்லை. சிறியது 50 அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். ஜாக்கியின் கைப்பிடியை அத்தனை தடவை அடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இங்கிலாந்தில் ஜோஸப் பிராமா என்பவர் இந்தத் தத்துவத்தை வைத்து 1795-ல் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தண்டைச் சுற்றி நீர் ஒழுகிற்று. அவர் பட்டறையிலிருந்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல் குழிந்த ஒரு தோல் வளையத்தால் அந்தக் குறையைத் தீர்த்தார் என்பார்கள். நீர் அழுத்த அழுத்த, வளையம் தானே இறுகிக்கொள்ளும். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்டு டட்ஜன் என்பவர், கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஜாக்கிக்கே காப்புரிமை வாங்கிவிட்டார்.

அப்புறம் ஒரே போட்டி. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாடி, சவரக் கடை நாற்காலி உயர்வதைப் பார்த்துக் காரையே உயர்த்தும் லிஃப்டை 1925-ல் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. சில பிரிட்டிஷ் கார்களிலோ, அடிப்பாகத்திலேயே 'ஜாக்கால்' என்ற எண்ணெய் ஜாக்கிகளைப் பொருத்தினார்கள். பெயரிலேயே 'கால்' இருப்பது தமிழனுக்கு மட்டும் கிடைத்த சந்தோஷம்! நம் ஊர் ஷெட்டுகள் சிக்கனமான வழியைக் கண்டன. வண்டியை உயர்த்துவானேன், மனிதனைத் தாழ்த்தினால் போதாதா? தரையில் ஒரு பள்ளம் வெட்டினார்கள், காரியம் முடிந்தது.

இன்று வீட்டுக் கார் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய லிஃப்ட் வந்திருக்கிறது. பித்தானை அழுத்தினால் கார் இடுப்பளவு எழும்பும். எழும்பட்டும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு எண்ணெயின்மேல் நிற்கிறது. அந்த எண்ணெயை நிறுத்தி வைப்பதோ, மாட்ஸ்லேயின் தோலுக்கு வாரிசாக வந்த ஒரு சின்ன வளையம். அது கிழிந்தால் கார் இறங்கும். கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு இறங்காது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டை இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் அங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். ஊர்ப் பெயரிலேயே மணல். மணலில் ஜாக்கி வைத்தால் என்ன ஆகும்? கார் ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். உள்ளங்கையகல இரும்பின்மேல் முந்நூறு கிலோ பாரம் விழும்போது மணல் என்ன செய்யும், பாவம்! ஒரு சதுர அடிப் பலகையை அடியில் கொடுத்தால் பாரம் பரவும். நிற்க ஓர் இடம் கொடுத்தால் உலகத்தையே நெம்பிவிடுவதாக ஆர்க்கிமிடீஸ் சொன்னார் என்பார்கள். எல்லாரும் அவருடைய நெம்புகோலை ஞாபகம் வைத்துக்கொண்டு, அவர் கேட்ட இடத்தை மறந்துவிட்டார்கள். வீட்டு லிஃப்டுக்கும் முதலில் வேண்டியது சமமான, உறுதியான சிமெண்டுத் தரைதான்.

இரண்டாவதாக வேண்டியது முட்டு. ஜாக்கியால் தூக்கினால், வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கி உட்காரவைத்து, ஒரு தடவை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். நல்ல லிஃப்டுகளில் அந்த முட்டை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். மேலே போகும்போது ஓர் எஃகு நாக்கு பல் பல்லாக விழுந்துகொண்டே போகும். வேண்டிய உயரம் வந்ததும், சற்றே இறக்கி, பாரத்தை அந்த நாக்கின்மேல் உட்கார்த்திவிட வேண்டும். பிறகு எண்ணெய் ஒழுகினாலும் வண்டி விழாது. பலர் இந்தக் கடைசிக் காரியத்தை, நேரமாகிறதென்று விட்டுவிடுகிறார்கள். அரை நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஆயுளைப் பணயம் வைக்கிறார்கள்.

அந்த எஃகு நாக்குக்கு மேல்நாட்டுக் கம்பெனிகள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். தேர்ச் சக்கரத்தின் அடியில் நம் பாட்டன்மார் செருகிய அதே கட்டைதான் அது. காரின் அடியில் படுக்கப்போகும் பையனிடம் இனிமேல், "முட்டுக்கட்டை போட்டாயா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் வசவு இல்லை, அக்கறை இருக்கிறது.