கோண்டர் காடும் தாழ்ந்த நிலமும்

நர்மதைக்கும் கோதாவரிக்கும் நடுவே கோண்டர்கள் வாழ்ந்த, ஆண்ட மலைக்காட்டுப் பகுதிக்குக் கோண்டுவானா என்று பெயர். கோண்டு அந்த மக்களைக் குறிப்பது. பின்பாதியை 'வனம்' என்பர். கோண்டு என்பதைத் தெலுங்கின் 'கொண்ட'வோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது சரியென்றால் நம் 'குன்று'ம் அதற்கு உறவு. ஆனால் கோண்டர்கள் தங்களைக் கோயித்தூர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களது கோண்டி, தமிழைப் போல ஒரு திராவிட மொழி. உலகப் பாடநூல்களில் எல்லாம் ஏறிய இந்தப் பெயரைச் சொல்லும்போது அந்த மக்களையும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

காட்டின் பெயரைப் பாறைக்கு மாற்றியவர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் மெட்லிகாட், 1872இல். 1876இல் அதே துறையின் ஃபைஸ்ட்மான்டெல் அதை அச்சேற்றினார். ஒரே பெயர் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி ஆகிய பள்ளத்தாக்குகளில் எங்கு பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே அடுக்குவரிசை. அடியில், ஒடிசாவின் தால்ச்சேரில் காண்பது போல, மெல்லிய சேற்றுப்பாறைக்குள் பெரும் உருண்டைக்கற்கள். சிலவற்றின் முகத்தில் கீறல்கள். பனியாறு இழுத்து வந்தவை இவை என்று 1856இலேயே அத்துறையின் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேலே மணற்கல், நிலக்கரி.

இவை நாடெங்கும் பரவாமல் நீண்டு குறுகிய பட்டைகளாகக் கிடப்பதற்குப் பூமியோட்டின் இழுவிசையே காரணம். பழைய பலவீனக் கோடுகளை ஒட்டி நிலம் இழுபட்டது. நடுப்பகுதி பிளவுகளின் வழியே கீழிறங்கியது. ஆறுகள் அந்தப் பள்ளத்துக்கு மணலைக் கொண்டுவந்தன. சதுப்பில் குளோசாப்டெரிஸ் மரங்களின் இலைகள் குவிந்தன. சிங்ரௌலியில் ஜிங்குர்தா நிலக்கரி அடுக்கு 130 மீட்டருக்கு மேல் தடிமன். நிலம் சட்டென்று அமிழ்ந்திருந்தால் சதுப்பு நீரில் மூழ்கியிருக்கும். அமிழாமல் நின்றிருந்தால் சருகு வெளிக்காற்றில் மக்கிப்போயிருக்கும். சருகு சேர்ந்த வேகத்துக்கு ஈடாக நிலமும் நெடுங்காலம் தாழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஜாரியா நிலக்கரி வயலின் தெற்கு எல்லை போன்ற பெரும் பிளவுகள் படிவுகளைத் தாழ்த்தி வைத்ததால்தான் அவை அரிப்புக்கும் தப்பின.

1885இல் எடுவார்ட் சூயஸ் என்ற ஆஸ்திரியப் புவியியலாளர், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் ஒன்றாகச் சேர்த்திருந்த பழைய பெருநிலத்துக்குக் கோண்டுவானா-லாண்டு என்று பெயரிட்டார். இடையிலிருந்த நிலம் கடலில் அமிழ்ந்துபோனது என்பது அவர் எண்ணம். அமிழவில்லை, துண்டுகள் விலகிப் போயின என்பது பின்னால் வந்த தெளிவு.

அந்த விலகல் நம் கிழக்குக் கரையோரத்திலும் நிலத்தை இழுத்துப் பிளந்தது. காவிரிப் படுகையின் ஆழத்தில், வடகிழக்கு – தென்மேற்காகப் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் மாறிமாறி இருக்கின்றன. நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய் இந்தப் படுகையினது. பெரம்பலூர் அருகே தெரணியின் வெண்களிமண்ணை உடைத்தால் டைலோஃபில்லம் என்ற பழந்தாவரத்தின் இலைத்தடம் நரம்பு தெரியக் கிடைக்கும். அந்தக் களிமண் வரை 'மேல் கோண்டுவானா', அதாவது கோண்டுவானா வரிசையின் மேற்பகுதி. அதன்பின் பள்ளத்துக்குள் கடல் வந்துவிட்டது. கோண்டுவானா என்பது பெரும்பாலும் ஆறும் ஏரியும் பனியும் இட்ட படிவுகளுக்கான பெயர். அதனால் காரையிலும் அரியலூரிலும் கிளிஞ்சலும் அம்மோனைட்டும் பொதிந்த கடற்படிவுகளை அது தொடுவதில்லை. அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப்பெயர்களையே, அந்தச் சகோதரர்களில் ஒருவரான எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் சூட்டியிருந்தார்.