எச்.டி.எம்.எல். 5

வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் மீயுரைக் குறியீட்டு மொழியின் ஐந்தாம் பதிப்பு. உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதை 2014 அக்டோபர் 28 அன்று பரிந்துரையாக வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உலாவிகள் இதன் பெரும்பகுதியை ஏற்றிருந்தன.

முன்வரலாறு

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய இம்மொழிக்கு 1991இல் எழுதப்பட்ட விளக்கத்தில் 18 குறிச்சொற்களே இருந்தன. ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள அவ்வளவே போதுமாயிருந்தது. படத்துக்கான குறிச்சொல் அவற்றுள் இல்லை. 1993இல் மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிய, மொசைக் உலாவி வழியாக அது வந்தது. இரண்டாம் பதிப்பு 1995 நவம்பரிலும், 3.2 பதிப்பு 1997 ஜனவரியிலும், 4.0 அதே ஆண்டு டிசம்பரிலும், 4.01 பதிப்பு 1999 டிசம்பரிலும் வெளிவந்தன.

அதன்பின் சேர்த்தியம் இம்மொழியை ஓரங்கட்டிவிட்டு, எக்ஸ்.எம்.எல். இலக்கணத்துக்கு உட்பட்ட எக்ஸ்.எச்.டி.எம்.எல். பக்கம் திரும்பியது (2000). இதில் திறந்த குறிச்சொல் ஒன்றை மூட மறந்தாலும் பக்கத்துக்குப் பதில் பிழைச்செய்திதான் வரும். ஏட்டளவில் அழகான இக்கண்டிப்பு நடைமுறைக்கு ஒவ்வவில்லை. தள உருவாக்குநர்கள் புதிய இலக்கணத்தில் எழுதிவிட்டு, பழைய வகை என்று முத்திரையிட்டே பக்கங்களை அனுப்பினர். 2011இல் 9ஆம் பதிப்பு வரும்வரை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் புதிய வகைக்குரிய முத்திரையை ஏற்காததே காரணம்.

2004 ஜூனில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் சேர்த்தியம் நடத்திய பயிலரங்கில், பழைய மொழியையே வளர்க்கலாம் என்று உலாவி நிறுவனங்களான மொசில்லாவும் ஓப்பராவும் வாதிட்டன. வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. தோற்றவர்கள் ஆப்பிளையும் சேர்த்துக்கொண்டு, சில நாட்களிலேயே வாட்டபிள்யூஜி என்ற தனிக் குழுவைத் தொடங்கினர். இயன் ஹிக்சன் அதன் பதிப்பாசிரியரானார். சேர்த்தியம் 2007இல் இக்குழுவின் வரைவையே அடிப்படையாக ஏற்றது, 2009இல் எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 பணியைக் கைவிட்டது.

மாற்றங்கள்

பிழையுள்ள பக்கத்தையும் எல்லா உலாவிகளும் ஒரே விதமாகப் படிக்கும் முறை முதன்முறையாக வரையறுக்கப்பட்டது. பளிச்சென்று தெரியாவிட்டாலும் பெரிய மாற்றம் இதுவே. பக்கத்தின் வகையைச் சொல்லும் முதல் வரி 15 எழுத்துகளாகச் சுருங்கியது. 100 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கூகுள் 2005இல் அலசியபோது, உருவாக்குநர்கள் தாமே சூட்டியிருந்த பெயர்களில் 'ஹெடர்', 'நேவ்', 'ஃபுட்டர்' ஆகியவை முன்வரிசையில் இருந்தன. அப்பெயர்களே பிறகு குறிச்சொற்களாயின.

'வீடியோ' குறிச்சொல்லால் செருகுநிரல் இல்லாமலே காணொளி ஓடியது. எந்தக் காணொளி வடிவத்தை ஏற்பது என்பதில் நிறுவனங்களுக்குள் உடன்பாடு எட்டாததால், ஆவணம் எதையும் கட்டாயமாக்கவில்லை. 'வீடியோ'வின் வரவால் தேவையற்றுப்போன ஃபிளாஷ் செருகுநிரலுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. 'கேன்வாஸ்' வரைபரப்பு ஆப்பிளிடமிருந்து வந்தது.

இன்றைய நிலை

சேர்த்தியமும் வாட்டபிள்யூஜியும் 2019 மேயில் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின், வாட்டபிள்யூஜி பராமரிக்கும் ஆவணமே தரம். பதிப்பு எண் இல்லை, திருத்தங்கள் தொடர்ந்து சேர்கின்றன.